பந்து மோதும் விசை 65 நியூட்டன், தராசு காட்டுவது 300 கிராம்: எங்கே தவறு?

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு உந்தமும் (நிறை × திசைவேகம்) கணத்தாக்கும் (விசை × அது செயல்படும் நேரம்; இது உந்த மாற்றத்துக்குச் சமம்) சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறோம்.

58 கிராம் டென்னிஸ் பந்தை 1.25 மீட்டர் உயரத்திலிருந்து சமையலறை மின்னணுத் தராசின் மேல் விடுகிறோம். (5 கிலோ வரை காட்டும் தராசு.) பந்து 80 செ.மீ. எழும்புகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால், மோதும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர், எழும்பும் வேகம் 4. முதலில் ஐந்தில் நான்கைக் கழித்து 1 என்று போட்டேன். திசை மாறுவதால் கூட்ட வேண்டும் என்று மகள்தான் திருத்தினாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆக உந்த மாற்றம் 0.058 × 9, சுமார் 0.52 நியூட்டன் விநாடி.

தொடும் நேரத்தை அறிய, கைபேசியில் விநாடிக்கு 240 படங்கள் வீதம் எடுத்தோம். பந்து தராசைத் தொட்டிருப்பது இரண்டு படங்களுக்கு மேல் இல்லை. தாராளமாக எட்டு மில்லி விநாடி என்று வைத்தாலும் சராசரி விசை 65 நியூட்டன், அதாவது ஆறரைக் கிலோ எடைக்குச் சமம். தராசோ 300 கிராமுக்குப் பக்கத்தில் ஒரு கணம் மின்னிவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தால் சரியாகவே காட்டுகிறது. பக்கத்து வீட்டுத் தராசிலும் இதே கதை. பந்தின் எடையையும் கணக்கில் சேர்த்தேன். அது வெறும் 0.6 நியூட்டன், ஒன்றும் மாறவில்லை.

இவ்வளவு குறுகிய நேரமே இருக்கும் விசையை இந்தத் தராசால் பிடிக்க முடியாதா, அல்லது என் கணக்கில்தான் ஓட்டையா?