புதுப்பிப்பு: ஒரு குழந்தைக்கு இருபது பதிவு

போன மாதம் இங்கே புலம்பிய கிராம சுகாதாரச் செவிலியர்தான். புதன்கிழமைகளில் ஊசி போடுவதைவிட எழுதுவதற்கே அதிக நேரம் போகிறது என்றிருந்தேன். ஒன்றரை மாதக் குழந்தைக்கு பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), நிமோனியா ஊசி, ஐபிவி (போலியோ ஊசி), ரோட்டா (வயிற்றுப்போக்குக்கான சொட்டு), போலியோ சொட்டு என ஐந்து. அட்டை, பதிவேடு, டேலி ஷீட் (எண்ணிக்கைத் தாள்), யூ-வின் (அரசின் தடுப்பூசிப் பதிவு ஆப்) என நாலு இடம். பெருக்கிக்கொள்ளுங்கள்.

"ஆப் வந்த பிறகும் நோட்டு எதற்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதையே மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டேன். "ஆடிட்டுக்கு நோட்டைத்தாம்மா கேட்பாங்க" என்றார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாங்களாகச் செய்துகொண்ட மாற்றம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமையே அங்கன்வாடி டீச்சர் மறுநாள் வரவேண்டிய குழந்தைகளின் பெயர், பிறந்த தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கும் அவரே போன் போட்டு, "நாளைக்கு ஓடிபி வரும், எடுத்துச் சொல்லுங்க தம்பி" என்கிறார். முன்பு யூ-வின் பதிவுக்கு அவர்கள் போனுக்கு வரும் அந்த எண்ணுக்காக அரைமணி நேரம் காத்திருப்போம், குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்.

ஒரு எழுத்து வேலையை மட்டும் குறை சொல்லமாட்டேன். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கியதும் குப்பி மேல் நேரம் குறிப்போம். 4 மணி நேரம் தாண்டினால் அதைத் தொடக்கூடாது.

போன புதன் 11 குழந்தைகள். ஒன்றரை மணிக்கு ஊசி முடிந்தது. யூ-வின் பதிவை ராத்திரி வீட்டு மொட்டைமாடியில் முடித்தேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது.