2019 புதுப்பிப்பு: சிசிஎன்ஏ, இரண்டாகவே எழுதத் தீர்மானித்தேன்

சிசிஎன்ஏவை (சிஸ்கோ நிறுவனத்தின் கணினி வலையமைப்புச் சான்றிதழ்) ஒரே பரீட்சையாக எழுதுவதா, ஐசிஎன்டி 1, 2 என்ற இரண்டு பரீட்சைகளாகப் பிரித்து எழுதுவதா என்று 2019இல் கேட்டிருந்தேன். பிரித்தே எழுதத் தீர்மானித்தேன். அப்போது சேர்த்து எழுதினால் 325 டொலர், பிரித்தால் தலா 165, பெரிய வித்தியாசமிருக்கவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இரண்டு தடவை ரயிலேறுவதுதான் கூடுதல் செலவாக இருந்தது. ஆனால் முதலாவதில் சித்தியடைந்தாலே அப்போதிருந்த சிசிஇஎன்டி என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் கையில்; அதை வைத்து வேலை தேடத் தொடங்கலாம் என்று நினைத்தேன். சேர்த்து எழுதிக் கோட்டைவிட்டால் மொத்தக் காசும் போச்சு. சப்நெட்டிங் (வலையமைப்பு முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும்) கணக்கில் நான் கொஞ்சம் மெதுவானவன் வேறு. தாண்டிய கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. "ஒன்றாகவே முடி தம்பி" என்ற அண்ணாமார் கோபிக்க வேண்டாம்.

அப்புறம், 2020 பெப்ரவரி 24 முதல் சிசிஎன்ஏவுக்கு 200-301 என்ற ஒரே பரீட்சைதான். அதற்குள் இரண்டையும் முடிக்கவேண்டியிருந்தது. தீபாவளி கழிந்த கையோடு முதலாவதற்குப் பதிந்துவிட்டேன்.