ஃபோக் சாங்னு எதை வச்சு சொல்றது?

தப்புத்தாளம்:
நேத்து ஃப்ரெண்டோட ஒரே சண்டை. யார் எழுதினதுன்னு தெரியலன்னாத்தான் அது நாட்டுப்புறப் பாட்டுன்னு அடிச்சு சொல்றான். அப்போ எழுதினவர் பேர் தெரிஞ்சு ஜனங்க எல்லாம் பாடிட்டு திரியுற பாட்டெல்லாம் என்ன கணக்கு? இல்ல, நாலு தோல் வாத்தியத்த போட்டு கரகர குரல்ல பாடிட்டா ஃபோக் ஆயிடுமா?

பழைய கேசட்:
வாத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பேர் மேட்டர்லயும் உங்க ஃப்ரெண்ட் அவுட். 1954ல சாவோ பாவ்லோவுல சர்வதேச நாட்டார் இசை கவுன்சில் கூடி ஒரு வரையறை வச்சாங்க, பாட்டு வாய்வழியா தொடர்ந்து வரணும், வர்ற வழியில மாறணும், எது நிலைக்கணும்னு ஜனங்க தேர்ந்தெடுக்கணும். ஒருத்தர் எழுதினதா இருந்தாலும் இப்படி கலந்துட்டா ஃபோக்தான், ரெடிமேடா எடுத்து மாத்தாம பாடிட்டே இருந்தா கிடையாது. பேர் மறந்துபோறது சும்மா கூட வர்ற விஷயம்.

கயிறு:
அதே கவுன்சில் 1981ல தன் பேர்ல இருந்த ‘நாட்டார்’ங்கறதயே தூக்கிட்டு ‘மரபிசை’ன்னு போட்டுக்கிச்சு, அதையும் சொல்லுங்க 😄 என்னை கேட்டா பாட்டுக்கு என்ன வேலைன்னு பாக்கணும். பாய்மரக் கப்பல்ல கயிறு இழுக்குற பாட்டு இருக்குல்ல, ஒருத்தன் ஒரு வரி எடுத்துக்குடுப்பான், மத்தவங்க பதில் பாடுவாங்க, பதில்ல எந்த இடத்துல அழுத்தம் விழுதோ அங்கதான் எல்லாரும் சேர்ந்து இழுக்கணும். பாய் இன்னும் மேல ஏறலயா, அவன் அங்கயே புது வரி கட்டுவான், கேப்டனை திட்டிக்கூட. ஏறிடுச்சா, பாட்டு பாதியில நின்னுடும். இதுல ஒரிஜினல் எதுன்னு யார் சொல்றது?

அரைத்தூக்கம்:
எங்கம்மா தாலாட்டுல ஒரு இடத்துல ‘ம்ம்ம்’னு நீளமா இழுப்பாங்க, ரொம்ப அழகா இருக்கும். பெரியம்மாகிட்ட கேட்டா, அங்க ஒரு வரி உண்டுடி, உங்க பாட்டிக்கு அது மறந்துபோய் முனகிட்டு விடுவா, உங்கம்மா அதையே பாட்டுன்னு புடிச்சுக்கிட்டான்னாங்க. இப்ப அந்த வரி என்னன்னு தெரிஞ்சும் நான் ‘ம்ம்ம்’தான் பாடுறேன், வரிய பாடினா குழந்தை முழிச்சுக்குது.

தப்புத்தாளம்:
அப்போ ரெக்கார்டிங் வந்தப்புறம் புது ஃபோக்கே கிடையாதா? போன்ல எப்ப கேட்டாலும் அதே பாட்டுதானே.

பழைய கேசட்:
ஃபுட்பால் மேட்ச்ல கேலரிய கவனிச்சதில்லயா? எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்ட எடுத்து எதிர் டீமை கலாய்ச்சு வரி போட்டு பாடுவாங்க, அடுத்த மேட்ச்ல அந்த டீம்காரனே அதை திருப்பி இவங்க மேலயே பாடுவான். முதல்ல வரி கட்டினவன் யாருன்னு கேட்டுப் பாருங்க.