கீஃப்ரேமுக்கு "கணுப்படம்"னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். கார்ட்டூன் படத்துல ஒரு அசைவு தொடங்குற, திரும்புற, முடியிற நிலைய வரையிற படம்தான் கீஃப்ரேம். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு போன கிழமை நான் கேட்டதுக்கு "திறவுச் சட்டகம்"னு அண்ணே ஒருத்தர் எழுதியிருந்தாரு. கோவிச்சுக்காதீங்கண்ணே, கீ-ன்னா சாவிதான், ஆனா பூட்டு எங்க?

நாங்க செய்றது மூணு நிமிஷப் படம், ஒரு பாட்டி தேயிலைக் கொழுந்து பறிக்கிறது, அவ்வளவுதான் கதை. ஹட்டன்ல இருந்து நான் கீஃப்ரேம் வரையிறேன், இடையில வர்றதையெல்லாம் பண்டாரவளையில ஒரு தங்கச்சி வரையுது. செக்கனுக்கு 24 பிரேம், ஒரு படத்த ரெண்டு பிரேமுக்கு நிப்பாட்டுறதால 12 படம், அப்ப மொத்தம் 2160. அதுல முக்காவாசிக்கு மேல அந்தப் புள்ள கைதான். நான் பாட்டுக்கு வாட்ஸ்அப்புல "முக்கியப் படம் அனுப்பிட்டேன்"னு போட்டுக்கிட்டே இருந்தேன், ஒருநாள் "அப்ப நான் வரையிறது முக்கியமில்லாததாண்ணே"ன்னு கேட்டுச்சி. சிரிச்சிக்கிட்டுதான் கேட்டுச்சி, எனக்குத்தான் சுருக்குன்னு இருந்திச்சி. ஏன்னா பாட்டி கொழுந்த முதுகுக் கூடைக்குள்ள வீசுற எடத்துல நான் குடுத்தது மூணே படம், செடியில கை, நெஞ்சுக்கிட்ட கை, தோளுக்குப் பின்னால கை. நெத்தியில கூடைக்கயிறு இழுக்குறதுக்கு தலை லேசா முன்னால குனியுதே, அது என்னோடதுல இல்ல. அத அந்தத் தங்கச்சிதான் அவங்க அம்மாவப் பாத்து வரைஞ்சிச்சாம்.

அதனால முக்கிய, முதன்மை, தலைமை எதுவும் வேணாம். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்துல கணு, ரெண்டு கணுவுக்கு நடுவுல உள்ள தண்டு கணுவிடைன்னு படிச்சோமே, தேயிலைத் தவறணையில (நாத்து வளக்கிற எடத்துல) வீ.பி. கன்னுக்கு, அதாவது வெதையில்லாம தண்ட வெட்டி வளக்கிற கன்னுக்கு, ஒரு எலையும் ஒரு கணுவுமாத்தானே வெட்டி நடுறாங்க. கணுவுலதான் தளிர் வெடிக்கிது, ஆனா செடி ஒசர்றது கணுவிடை நீள்றதாலதான். அதனால கீஃப்ரேம் கணுப்படம், நடுவுல வர்றது கணுவிடைப்படம். ரெண்டு கணுப்படத்துக்கு நடுவுல நெறைய படம் போட்டா அசைவு மெதுவு, கொறைச்சா விசுக்குன்னு போயிரும், அதுவும் பொருந்துது பாருங்க.

*

தம்பி, திறவ விட்டுட்டேன், பூட்டும் வேணாம் சாவியும் வேணாம். ஆனா பிளெண்டர்னு நாம படம் செய்ற மென்பொருள்ல, கோடு போட்டு இணைக்கிற பெட்டிக்கு நோட்னு பேரு இருக்கே, அதுக்கும் கணுன்னுதானே எழுதிக்கிட்டு வாறோம்? படிக்கிற புள்ளைங்க கொழம்பாதா? அதோட "கணுவிடைப்படம்" வாயில நொழையல.

*

அண்ணே, அந்தத் தங்கச்சி நான்தான். நோட்டுக்கு வெறும் கணுவே இருக்கட்டும், நம்மளுது எப்பவும் படத்தோட ஒட்டித்தானே வருது, கொழப்பம் வராது. கணுவிடைப்படத்த இடைப்படம்னு சுருக்கிட்டா போதும், இடைப்படம் போடுறேன்னு சொல்ல லேசா இருக்கு.

ஆனா ஒண்ணு விட்டுப்போச்சி. பிரேக்டவுன்னு ஒரு படம் இருக்கே (நம்ம ஊருல அது பஸ்ஸுக்குத்தான் நடக்கும்), ரெண்டு கீஃப்ரேமுக்கு நடுவுல கை நேரா போவுதா, வளைஞ்சு போவுதா, மொழங்கை முந்துதா மணிக்கட்டு முந்துதான்னு அந்த ஒரு படம்தான் தீர்மானிக்கும், மத்ததெல்லாம் அது பின்னால போகும். பாட்டி தலை குனியிறது அந்த வகை, அத வெறும் இடைப்படம்னு போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்கு வழிப்படம்னு வைக்கலாமா? ஹட்டன் அண்ணே மறுக்க மாட்டாருன்னு நெனச்சி லேயருக்கெல்லாம் க, வ, இ-ன்னு பேர மாத்திட்டேன், தெறந்து பாருங்க. வீசுற ஷொட்ல கணுப்படம் மூணு, வழிப்படம் ரெண்டு. ரெண்டாவது வழிப்படத்துல கூடை இன்னும் கொஞ்சம் ஆடணும், அத நாளைக்கு திருத்துறேன்.