பாசி தின்னும் நத்தை: உங்க டேங்க்ல நடந்ததைச் சொல்லுங்க

உப்புக்கரைச்சல், சிங்கப்பூர்
முடிப்பாசிக்காக 200 லிட்டர் கடல்நீர் மீன் டேங்க்ல ஆறு டர்போ நத்தை விட்டேன். மூணு வாரத்துல பாறை பளிச். அதெல்லாம் சரிதான்.

ஒரு சனிக்கிழமை தண்ணி மாத்தினேன். அன்னிக்கு ராத்திரி பார்த்தா டேங்க் அரிசி களைஞ்ச தண்ணியா வெளுத்துக் கிடக்கு. அழுக்கை நுரையாப் பிரிச்செடுக்கிற ஸ்கிம்மரோட கப் பொங்கி தரையெல்லாம் நுரை. எனக்குக் கை ஓடல, கால் ஓடல. ஒரு டர்போ கண்ணாடி உச்சியில ஒட்டிக்கிட்டு விட்டு விட்டு வெள்ளையாக் கக்குது, பீடிப்புகை மாதிரி. அழுகிக் கரையுதுன்னு முடிவு பண்ணிட்டேன். பிடுங்கி, பையில முடிஞ்சு, குப்பைக் குழாய்ல போட்டுட்டேன். எங்க வீடு பதினோராவது மாடி. டொக்கு டொக்குன்னு இடிச்சுக்கிட்டே கீழ போற சத்தம் கேட்டுச்சு.

அது விந்து விடுறதுன்னு மறுநாள்தான் படிச்சேன். மத்த அஞ்சும் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சத்தம்தான் போக மாட்டேங்குது.

நீலக்கால், ரொறன்ரோ
எனக்கு அஸ்ட்ரியா நத்தை. கவிண்டால் தானா நிமிராது எண்டது தெரிஞ்ச கதைதானே. மூண்டு நாள் லீவுக்கு ஒட்டாவா போட்டு வந்து பாக்கிறன், மணலில மல்லாக்கக் கிடக்கு. பக்கத்தில ஹெர்மிட் நண்டு குந்திக்கொண்டு உள்ளுக்குள்ள இருந்து பிச்சுப் பிச்சுத் தின்னுது. நத்தையின்ர கொம்பு அப்பவும் அசைஞ்சுகொண்டு இருந்தது.

அடுத்த நாள் அந்த ஓட்டையே போட்டுக்கொண்டு நண்டு உலாத்துது. புதுச் சட்டை!

டர்போ வாங்கினதே பிழை தம்பி. ஒட்டி வைச்ச பவளத்தை எல்லாம் புல்டோசர் மாதிரித் தள்ளி விழுத்தும்.

பழைய உப்பு, சென்னை
ரெண்டு பேருமே தப்பாப் பேசுறீங்க. என் கதை சின்னது: கொளத்தூர் பக்கம் ஒருத்தர்கிட்ட பழைய டேங்க்கைப் பாறையோட வாங்கினேன். அவர் மீனோட வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காப்பர் மருந்து ஊத்தினதைச் சொல்லல. நத்தைக்கு அது விஷம். நத்தை பன்னெண்டும் அன்னிக்கு ராத்திரியே உதிர்ந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மெக்சிகன் டர்போன்னு விக்கிறது கலிஃபோர்னியா வளைகுடாவுல இருந்து வர்றது, கொஞ்சம் குளிர்ந்த தண்ணிக்குப் பழகினது. 26, 27 டிகிரியில வச்சுட்டு ஆயுசு கம்மின்னு அழக்கூடாது. ட்ரோக்கஸ் நத்தை வாங்குங்க. கவிழ்ந்தாலும் தானே நிமிரும், டேங்க்லயே குஞ்சும் பொரிக்கும். செரித் நத்தை பகல்ல மணலுக்குள்ள தூங்கும், காணோம்னு கிளறாதீங்க. நசேரியஸ் நத்தையைப் பாசி தின்னும்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, அது மிச்சம் மீதி மாமிசம் தின்னுற ஜாதி. விடுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டா உங்க தண்ணியைக் கலந்து பழக்குங்க. உப்பு அடர்த்தி 1.025னா அதுக்குச் சமமா வரணும், மீன் தாங்குறதை நத்தை தாங்காது. பாசி தீர்ந்துட்டா காய்ஞ்ச கடல்பாசித் தாளான நோரியை ரப்பர் பேண்டால கல்லுல கட்டிப் போடுங்க. பாதி நத்தை சாகுறது நோயால இல்ல, பட்டினியால.

இன்னொண்ணு, ராமேஸ்வரம் கரையில பொறுக்கிட்டு வர்றேன்னு யாரும் கிளம்ப வேண்டாம். ட்ரோக்கஸ் நிலோட்டிகஸ் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. கூம்பு மாதிரி ஓடு கண்டா தொடவே தொடாதீங்க, கூம்பு நத்தை கொட்டினா ஆளே போயிடலாம்.

நீலக்கால், ரொறன்ரோ
ஐயா, நான் நண்டைப் பற்றித்தான் கதைச்சனான். நோரி வேணும் எண்டு ஆர் கேட்டது?

பாறைப்பல்லி, துபாய்
டர்போ புல்டோசர்னு சொன்னது மட்டும் நிஜம். 400 திர்ஹாம் பவளத்தை என் கண்ணு முன்னாடியே முதுகுல சுமந்து போய் கொட்டுற கடல் சாமந்தி (அனிமோன்) மேல போட்டுச்சு. நான் டீ கிளாஸோட பார்த்துக்கிட்டே நின்னேன்.

பழைய உப்பு, சென்னை
ஒட்டுறதுக்கு முன்னாடி பாறையை ஈரம் துடைச்சீங்களா? எபாக்சியா, சூப்பர் க்ளூவா?

உப்புக்கரைச்சல், சிங்கப்பூர்
எல்லாம் சரிங்க. நான் கேக்க வந்தது வேற. பிடுங்கினப்போ அந்த டர்போ ஓட்டு வாய் மூடியை உள்ள இழுத்து இறுக்கிக்கிச்சு. உயிர் இருந்தாத்தானே இழுக்கும்?

பழைய உப்பு, சென்னை
செத்த நத்தைன்னா நாத்தம் குடலைப் பிடுங்கும். மோந்து பார்த்தீங்களா?

உப்புக்கரைச்சல், சிங்கப்பூர்
பார்த்தேன். கடல் வாசம்தான் அடிச்சுது.