நட்புக்கும் காதலுக்கும் இடைப்பட்ட உறவு: கலைச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான உளநலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'சிச்சுவேஷன்ஷிப்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் 2023இல் ஆண்டின் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் வைத்த சொல் இது. இருவர் அன்றாடம் பேசுகிறார்கள், நெருங்கிப் பழகுகிறார்கள், ஆனால் 'நாம் யார்' என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. 'சூழ்நிலை உறவு' என்றால் வேறு வழியின்றிச் சேர்ந்திருப்பதாகத் தொனிக்கிறது.

தமிழாசிரியர்:
புதுச்சொல் எதற்கு? கைக்கிளை இருக்கிறதே!

உளநல ஆலோசகர்:
ஐயா, கைக்கிளை ஒருதலைக் காமம். இங்கே விருப்பம் இருபுறமும் இருக்கலாம். களவு, அதாவது சங்கப் பாடல்களில் வரும் மறைவான காதல், என்றும் சொல்ல முடியாது. களவில் ஊருக்குத்தான் மறைப்பு. தலைவனுக்கும் தலைவிக்கும் ஐயமில்லை. இங்கே அந்த இருவருக்கே தெளிவில்லை.

சொற்பிறப்பு ஆர்வலர்:
நட்பு என்பதன் வேர் 'நள்'. நள்ளுதல் என்றால் நெருங்குதல், செறிதல். நள்ளிரவில் வரும் 'நள்' நடுவைக் குறிக்கும். நெருக்கமும் நடுவும் ஒரே வேரில்! குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலைக் காதல் என்றா சொல்கிறாள்? 'நாடனொடு நட்பே' என்கிறாள். அது நிலத்தினும் பெரியது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது என்கிறாள். நட்பு வேறு, காதல் வேறு என்று வேலி போட்டவர்கள் நாம்தான். ஆகவே 'நள்ளுறவு'. டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற மொழியில் 'டேட்டிங்'கையே ஏற்றுக்கொண்டோம். இதையாவது தமிழில் சொல்வோம்.

மெய்ப்புத் திருத்துநர்:
எழுத்துப்பிழை என்று எண்ணி எவரேனும் 'நல்லுறவு' என்று திருத்திவிடுவார். இரு நாடுகளின் நல்லுறவுபோல ஆகிவிடும். 'நள்ளார்' என்றால் பகைவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

சொற்பிறப்பு ஆர்வலர்:
நள்ளார் எதிர்மறை வடிவம். நள்ளாதவர்தாம் பகைவர். அது என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது.

தமிழாசிரியர்:
வினைத்தொகையை எண்ணிப் பாருங்கள். ஊறுகாய் என்பதில் ஊறியதா, ஊறுகிறதா, ஊறுமா என்ற காலம் மறைந்திருக்கிறது. இந்த உறவும் அப்படித்தான். 'தொகையுறவு' எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இலக்கணம் அறியாதவர்கள் அதைப் பணத்துக்கான உறவு என்றுதான் படிப்பார்கள்.

உளநல ஆலோசகர்:
இந்த உறவில் அடிபடுபவர் என்னிடம் வரும்போது எப்படிப் பேசுகிறார் தெரியுமா? 'நாங்கள் நண்பர்கள்தான்' என்று தொடங்குகிறார். மற்றவர் வேறொருவருடன் பழகுவதைச் சொல்லும்போது உடைந்துபோகிறார். வாக்கே கொடுக்காதவரிடம் 'ஏன் வாக்குத் தவறினாய்' என்று கேட்க முடியாதே! கோபப்படவும் தனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறார். நாம் ஆக்கும் சொல் அவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. முன்பு இதே குழுவில் சொல்லப்பட்ட 'அரைக்காதல்', 'மயக்க உறவு' இரண்டும் எனக்கு வேண்டா. இப்படியே போதும் என்று மனமொத்து இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் அது பொருந்த வேண்டும். 'பெயரிடா உறவு' என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
'பெயரிடாத' என்பதன் கடைசி எழுத்து கெட்டு வந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நன்று. ஆனால் 'பெயரிடாவுறவு' என்று சேர்த்தெழுத வேண்டும்.

மெய்ப்புத் திருத்துநர்:
சேர்த்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை தடுமாறும். பிரித்தே இருக்கட்டும்.

சொற்பிறப்பு ஆர்வலர்:
பெயரிடாததற்குப் 'பெயரிடா' என்றே பெயரிடுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது. அது விளக்கம். இதிலிருந்து வினையாக்க முடியுமா? 'நள்ளுகிறார்கள்' என்று எத்தனை இயல்பாக வருகிறது!

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. நால்வர் 'பெயரிடா உறவு' போதும் என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் சிச்சுவேஷன்ஷிப்பையும் உடன் எழுதுகிறேன். கையேட்டை இன்றிரவு அனுப்புகிறேன்.

சொற்பிறப்பு ஆர்வலர்:
என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நான் எழுதுவதில் நள்ளுறவு என்றே எழுதுவேன்.