காட்டாத மந்தண அறிக்கையை வைத்துத் தண்டனை: உங்களுக்கும் நடந்ததா?

பென்னாகரம்காரன்
17(பி) விதிப்படி என் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையில் இறுதி ஆணை கைக்கு வந்தது. ஊதிய உயர்வு நிறுத்தம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது, நான் பணியில் அக்கறை இல்லாதவன் என்று ஏற்கெனவே மந்தண அறிக்கையில், அதாவது மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதி வைக்கும் ரகசிய மதிப்பீட்டில், பதிவாகியிருக்கிறதாம். எந்த வருஷம், யார் எழுதியது, எதுவும் இல்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது, விசாரணை அலுவலரும் கேட்கவில்லை. தருமபுரிக்குப் போய்ப் பிரிவில் கேட்டேன். கண்காணிப்பாளர் கோப்பைப் பிரித்தார். நான் எட்டிப் பார்த்ததும் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டு, "இருக்குது சார், காட்ட முடியாது" என்றார். என்னைப் பற்றி எழுதியதை நான்தான் படிக்கக் கூடாதா? அந்தக் கையை நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடுகிறது.

ஊத்தங்கரை அக்கா
எனக்குத் தண்டனை இல்லை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. எனக்கு ஜூனியர் பெண்தான் தாலுகா ஆபீஸ் படியில் நிறுத்தி, "அக்கா, உங்க பேரைக் காணோமே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விசாரித்தால் என் மந்தண அறிக்கையில் 'சராசரி' என்று போட்டிருக்கிறார்கள். 'சராசரி' பாதகமான குறிப்பு இல்லை, அதனால் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு எல்லாம் வீண் அலைச்சல் தம்பி. எழுதினவரும் அவர்கள், படிப்பவரும் அவர்கள்.

ஓசூர் ஓய்வூதியர்
அக்கா, வீண் என்று சொல்லாதீர்கள், படிக்கிற பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, 'நன்று' என்று போட்டிருந்தால்கூட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். உங்கள் 'சராசரி'க்கும் அது பொருந்தும். பென்னாகரம் தம்பிக்கு இதைவிடப் பழைய தீர்ப்பு இருக்கிறது, மைசூர் அரசு எதிர் மஞ்சே கவுடா, 1960-களில் வந்தது. பழைய பணிப் பதிவைக் காரணம் காட்டித் தண்டிக்கப் போகிறார்கள் என்றால் முன்னதாக நோட்டீசிலேயே சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். மேல்முறையீட்டில் இதை முதல் காரணமாக வையுங்கள், குற்றச்சாட்டு பொய் என்கிற வாதம் அப்புறம் வரட்டும். ஒன்று மட்டும் கவனம். கட்டாய ஓய்வு என்றால் சட்டம் வேறு. 1992-இல் பைகுந்தநாத் தாஸ் வழக்கில், தெரிவிக்காத குறிப்பையும் பார்க்கலாம் என்று தீர்ப்பு. என் நண்பர் ஒருவர் இந்த வித்தியாசம் தெரியாமல்தான் தோற்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். எதைக் கொடுத்தாலும் தபாலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

பென்னாகரம்காரன்
ஐயா, எந்த வருஷத்து அறிக்கை என்றே தெரியாதே, மனுவில் என்ன எழுதுவது?

ஓசூர் ஓய்வூதியர்
பணியில் சேர்ந்த வருஷத்திலிருந்து எல்லாவற்றையும் கேளுங்கள். ஆணையில் உள்ள அந்த வரியை அப்படியே எழுதி, இதற்கு ஆதாரமான பக்கத்தின் நகல் வேண்டும் என்று தனியாக ஒரு கேள்வி போடுங்கள். அதற்காக மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும்.